வாசலில் நிற்கும் கம்பம்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் பேசப் போவது கம்பத்தைப் பற்றி. கொடிக் கம்பம் அல்ல. நம் வாசலில் நிற்கும் மின்சாரக் கம்பம்.

"கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேச வேண்டிய இடத்தில் கம்பத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே!" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் சங்க ஆபீசுக்கு நம் ஜனங்கள் கொண்டுவரும் குறைகளை ஒரு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள். ரேஷன், பட்டா, குடிதண்ணீர் இவற்றுக்குப் பின்னாலேயே கம்பமும் வந்து நிற்கும். "வாசற்படிக்கு நேரே போஸ்டை நட்டுவிட்டார்கள். பிரசவ வலி வந்தால் ஆட்டோ உள்ளே வர வழியில்லை" என்கிறாள் ஒரு தாய். "மாடியில் துணி காயப்போடப் போனால் கையை நீட்டினால் கம்பி" என்கிறார் ஒரு ஸ்பின்னிங் தொழிலாளி. "ஸ்டே கம்பி என் குடிசைத் திண்ணையில் இறங்கியிருக்கிறது, மழை பெய்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதற்குப் பயமாயிருக்கிறது" என்கிறார் விவசாயத் தொழிலாளி ஒருவர்.

இவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் கம்பத்தை எடுக்க வழி உண்டா?" வழி உண்டு. ஆனால் வழி தெரியாமல் போனால் பணமும் போகும், சில சமயம் உயிரும் போகும். அதைவிட முக்கியமான ஒரு கேள்வியும் இருக்கிறது. எடுத்த கம்பம் எங்கே போய் நிற்கும்? அதையும் கடைசியில் சொல்கிறேன்.

கம்பம் நமக்கு விரோதி அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். கம்பம் நமக்கு விரோதி அல்ல. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோயம்புத்தூர்ச் சீமையில் பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1957-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி மின்சார வாரியம் ஏற்பட்டது. பிறகு கம்பங்கள் கிராமத்துக்குள் நடந்து வந்தன. கமலை இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடியது. அரிக்கேன் விளக்கில் படித்த பிள்ளைகள் பல்பு வெளிச்சத்தில் படித்தார்கள்.

பல கிராமங்களில் கம்பம் முதலில் ஊருக்குள் வந்தது. சேரிக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தது. கம்பம் வேண்டும் என்று மனு எழுதி எழுதிக் கை சலித்த தெருக்கள் நம்முடையவை. ஆகவே கம்பமே வேண்டாம் என்பது நம் பேச்சல்ல. கம்பம் சரியான இடத்தில், சரியான உயரத்தில், ஆபத்தில்லாமல் நிற்க வேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

கம்பம் ஏன் அங்கே நிற்கிறது?

"பத்தடி தள்ளி நட்டால் என்ன?" என்று கேட்கிறோம். சில சமயம் நட முடியும். சில சமயம் முடியாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் ஆபீசில் நாம் பேசும் பேச்சுக்கு மதிப்பு உண்டாகும்.

ஒரு கம்பத்தை இரண்டு பக்கத்துக் கம்பிகளும் இழுக்கின்றன. வரிசை நேராக இருந்தால் இந்தப் பக்கத்து இழுப்பும் அந்தப் பக்கத்து இழுப்பும் சரிக்குச் சரியாகிவிடும். கம்பம் நிமிர்ந்து நிற்கும். தெரு திரும்பும் இடத்திலும், வரிசை முடியும் இடத்திலும் இழுப்பு ஒரே பக்கமாக விழுகிறது. அங்கே எதிர்ப் பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி வேண்டும். அதுதான் ஸ்டே கம்பி. கயிறு இழுக்கும் போட்டியில் கடைசியில் நிற்கும் ஆளைப் போல அது. அதைத் தளர்த்தினாலும் வெட்டினாலும் கம்பம் சாயும்; கூடவே கம்பிகளும் தெருவில் விழும். ஆகவே ஸ்டே கம்பியில் ஆடு மாடு கட்டக் கூடாது. துணிக்கொடி கட்டக் கூடாது. "இது சும்மாதானே நிற்கிறது" என்று யாரும் கை வைக்கக் கூடாது.

கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கம்பத்தின் அடியை ஒட்டிச் சாக்கடை தோண்டினால் அந்தப் பிடிமானம் போய்விடும். கம்பம் நன்றாக நின்றிருக்கும். பிறகு வந்த சாக்கடை வேலை அதைச் சாய்த்திருக்கும். அப்போது பழியை யார் மீது போடுவது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஒரு கம்பத்தை நகர்த்தினால் அந்த ஒரு கம்பத்தோடு வேலை முடியாது. முன் கம்பத்துக்கும் பின் கம்பத்துக்கும் உள்ள கம்பிகளைத் தளர்த்தி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். வீட்டு இணைப்புகளை மாற்ற வேண்டும். அதுவரை லைனை நிறுத்தி வைக்க வேண்டும். செலவு ஏன் அதிகமாக வருகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

யாருடைய கம்பம்?

மனு எழுதும் முன் கம்பம் யாருடையது என்று பாருங்கள். மின்சாரம் கொண்டு போகும் கம்பம், டிரான்ஸ்பார்மர், ஸ்டே கம்பி இவை மின்வாரியத்தின் பொறுப்பு. மக்கள் இன்னும் "ஈ.பி." என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் 2024 முதல் விநியோகத்தைப் பார்ப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். தெருவிளக்கு எரிவதும் எரியாததும் பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சியின் பொறுப்பு. விளக்கு எரியவில்லை என்று மின்சார ஆபீசில் சண்டை போட்டுப் பயனில்லை. டெலிபோன், இண்டர்நெட் கம்பெனி நட்ட கம்பம் வேறு. அது எந்தக் கம்பெனி, உள்ளாட்சியிடம் அனுமதி வாங்கியதா என்று பஞ்சாயத்தில்தான் கேட்க வேண்டும். மின் கம்பத்தின் மேல் கேபிள் டி.வி. வயர் பாரமாகத் தொங்கினால் அதையும் தனியாக எழுதிக் கொடுங்கள்.

ஆபீஸ் மாறிப் போன மனு, மேஜைக்கு மேஜை அலைந்தே செத்துப் போகும்.

முந்தி வந்தது எது?

மின்சார ஆபீசில் ஒரு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வியில்தான் பணம் யார் கட்டுவது என்பது இருக்கிறது. முந்தி வந்தது வீடா, கம்பியா?

கம்பி முன்பே போய்க்கொண்டிருந்தது; நாம் அதன் கீழே மாடி எழுப்பினோம் என்றால், லைனை மாற்றும் செலவு நம் தலையில்தான் விழும். விதி அப்படித்தான் இருக்கிறது. மாடி கட்டும் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஆனால் வீடு முன்பே இருந்து, அதன் மேல் கம்பி பிறகு வந்திருந்தால், பாதுகாப்புத் தூரம் விட்டு இழுக்க வேண்டியது வாரியத்தின் கடமை. கம்பி தொய்ந்து இறங்கினாலும் அதை உயர்த்திக் கட்டுவது அவர்கள் கடமை. அதற்கு நாம் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே பழைய காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். வீட்டு வரி ரசீது, முதல் மின் இணைப்புக் கார்டு, பட்டா, ரேஷன் கார்டு இவையெல்லாம் வீடு எப்போது முதல் அங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சிகள்.

பாதுகாப்புத் தூரம் எவ்வளவு? 1956-ம் ஆண்டு விதிகளிலேயே இது உண்டு. இன்று மத்திய மின்சார ஆணையத்தின் விதிகளில் இருக்கிறது. வீட்டுக்கு இணைப்பு கொடுக்கும் சாதாரண லைனில் உறையில்லாத கம்பி தெருவைக் குறுக்கே கடந்தால், தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரம் வேண்டும். அதாவது சுமார் 19 அடி. தெருவோடு நீளவாக்கில் போனால் 5.5 மீட்டர், சுமார் 18 அடி. வீட்டு மாடிக்கு மேலே போனால் 2.5 மீட்டர், சுமார் 8 அடி. சுவருக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது 4 அடி. 11 ஆயிரம் வோல்ட் லைன் என்றால் மாடிக்கு மேலே 3.7 மீட்டர், சுமார் 12 அடி வேண்டும்.

இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தோட்டியையோ இரும்புக் குழாயையோ எடுத்துக்கொண்டு போய்க் கம்பியை அளக்காதீர்கள்! தரையில் நின்று சுவரிலிருந்து கண்ணால் பாருங்கள். அளப்பது பொறியாளரின் வேலை. "வந்து அளந்து எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது நம் வேலை.

சட்டத்தில் நம் பக்கம் என்ன இருக்கிறது?

பொதுத் தெருவில் கம்பம் நட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 67-வது பிரிவு, இந்த வேலைகளால் ஜனங்களுக்கு உண்டாகும் சேதமும் அசௌகரியமும் முடிந்த மட்டும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. உண்டான சேதத்துக்கு முழு நஷ்டஈடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. வாசற்படியை அடைத்து நட்ட கம்பம் அசௌகரியம் அல்லாமல் வேறென்ன?

நம் சொந்த மனைக்குள் நட வந்தால் கதை வேறு. 2006-ம் ஆண்டு விதிகளின்படி, அந்த இடத்தின் உரிமையாளர் அல்லது குடியிருப்பவரிடம் முன்கூட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் ஜில்லா கலெக்டரிடமோ, போலீஸ் கமிஷனரிடமோ, சர்க்கார் நியமித்த அதிகாரியிடமோ எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஏற்கெனவே நட்ட கம்பத்தையும் ஸ்டேயையும் கூட, தக்க காரணம் காட்டினால், எடுக்கவோ மாற்றவோ கலெக்டர் உத்தரவிடலாம்.

இந்த விதியில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள், தோழர்களே! "உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்" என்று இருக்கிறது. பட்டா கையில் இருப்பவன் மட்டும் என்று இல்லை. லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆலைத் தொழிலாளியும், மனைப்பட்டா வராத விவசாயத் தொழிலாளியும் "எனக்கு என்ன உரிமை?" என்று வாய் மூடி நிற்க வேண்டாம். குடியிருக்கிறவனும் மனுக் கொடுக்கலாம்.

ஒரு தெருவில் நடந்தது

இனி, ஒரு தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

தெருவின் ஒரு பக்கம் மாடி வீடு; எதிரே ஆலைத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போகும் சந்து. மாடி வீட்டுக்காரர் புதிதாகக் கார் வாங்கினார். கார் நுழைய வாசலை அகலமாக்கினார். கம்பம் இடைஞ்சலாக நின்றது. மனுக் கொடுத்தார், எஸ்டிமேட் போட்டார்கள், பணத்தை முறையாகக் கட்டினார், ரசீதும் வாங்கினார். இதில் குற்றமில்லை. சொந்த சௌகரியத்துக்காகக் கம்பத்தை மாற்றக் கேட்கிறவர் செலவைக் கட்ட வேண்டும் என்பதுதான் முறை.

ஆனால் கம்பம் எங்கே போயிற்று? சந்தின் வாயில் வந்து நின்றது. அதன் ஸ்டே கம்பி, பெண்கள் குடத்தோடு வரிசை நிற்கும் குழாயடியில் இறங்கியது. சந்தில் இருந்த முப்பது குடும்பங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பார்த்தபோது கம்பம் நட்டாகிவிட்டது.

வாலிபர்கள் இரண்டு பேர் கொதித்தார்கள். "ராத்திரி ஸ்டேயை வெட்டிவிட்டால் மறுநாள் தானாக வந்து எடுப்பார்கள்" என்றார்கள். பெரியவர்கள் தடுத்தார்கள். வெட்டினால் முதலில் யார் மேல் விழும்? சந்தில் இருக்கிறவர்கள் மேல்தான். அதோடு, கம்பத்தையோ கம்பியையோ நேர்மையற்ற எண்ணத்தோடு வெட்டி எடுத்தால் 3 ஆண்டுகள் வரை சிறை என்று மின்சாரச் சட்டத்தின் 136-வது பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே சேதப்படுத்துவதற்கும் தனியாக அபராதம் உண்டு. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது குற்றத்தை நம் பக்கம் ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்?

வேறு என்ன செய்தார்கள்? குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து வாங்கி மகஜர் எழுதினார்கள். சந்தின் அகலம் எவ்வளவு, கம்பம் போக மிச்சம் எவ்வளவு என்று டேப் பிடித்து அளந்து அதில் சேர்த்தார்கள். வாசலைப் படம் பிடித்து ஒட்டினார்கள். எஸ்டிமேட்டின் நகலையும் வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். அதற்குக் கட்டணம் பத்து ரூபாய்தான். நகல் வந்தபோது, வரைபடத்தில் சந்தே இல்லை என்று தெரிந்தது! முப்பது குடும்பம் நடக்கும் வழி காகிதத்தில் வெறும் இடமாக இருந்தது.

பிறகு பொறியாளரை நேரில் வரச் சொன்னார்கள். அவர் வந்தார், பார்த்தார். கம்பத்தை மறுபடி எடுக்க முடியாது, வரிசை கோணலாகிவிடும் என்றார். அப்படியானால் ஸ்டேயை மாற்றலாமே என்று சந்தில் இருந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் எடுத்துச் சொன்னார். வழியின் மறு பக்கத்தில் குட்டைக் கம்பம் ஒன்று நட்டு, தலைக்கு மேலாக ஸ்டேயைக் கொண்டு போய் அங்கே இறக்குவது. அல்லது கம்பத்துக்கு ஒரு முட்டுக் கம்பம் கொடுப்பது. இரண்டும் லைன்மேன்களுக்குத் தெரிந்த முறைகள்தான். ஐந்து மாதம் கழித்துக் குட்டைக் கம்பம் வந்தது, குழாயடி விடுபட்டது. பெரிய கம்பம் அங்கேயேதான் நிற்கிறது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடம் இருக்கிறது. குழி தோண்டும் முன் என்றால் ஒரு நாள் பேச்சு. தோண்டிய பின் என்றால் ஐந்து மாத அலைச்சல். ஆகவே தெருவில் எவனோ டேப் பிடிக்கிறான், சுண்ணாம்பு கோடு போடுகிறான் என்றால் "எதற்கு?" என்று அன்றைக்கே கேளுங்கள்.

மனு எப்படி எழுதுவது, எங்கே கொடுப்பது?

முதலில் உங்கள் பிரிவு அலுவலகத்தில் இருக்கும் உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள். தெருப் பெயர், கம்பத்தில் எழுதியிருக்கும் எண், உங்கள் இணைப்பு எண் எல்லாம் இருக்கட்டும். ஆபத்து என்ன என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். "இடைஞ்சலாக இருக்கிறது" என்பது வேறு. "கம்பத்தின் அடியில் சிமெண்ட் உதிர்ந்து உள்ளே கம்பி தெரிகிறது" என்பது வேறு. உடைந்த கம்பமும் சாய்ந்த கம்பமும் வசதிக்கு மாற்றுவது அல்ல, அது பராமரிப்பு. அதற்கு நம்மிடம் பணம் கேட்க நியாயமில்லை. சாலையை அகலமாக்குவதால் கம்பத்தை ஒதுக்க வேண்டியிருந்தாலும் வீட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது. அது சாலை வேலையின் செலவு.

நகலில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். போனில் சொல்வதானால், 2021-ல் ஏற்பட்ட மின்னகத்தின் எண் 94987 94987. அங்கே தரும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காரியம் நடக்காவிட்டால் செயற்பொறியாளர், அதற்கு மேல் மேற்பார்வைப் பொறியாளர். ஒவ்வொரு வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதன் மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள்.

கிராமத்தில் உள்ள தோழர்களுக்கு இன்னும் ஒரு ஆயுதம் உண்டு: கிராம சபை. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். அதில் ஒன்று மே 1-ம் தேதி, நம் நாள்! எந்தக் கம்பம் ஆபத்து, எங்கே மாற்றலாம் என்று அங்கே தீர்மானம் போடுங்கள். ஒரு ஆள் மனு ஒரு ஆள் மனுதான்; சபைத் தீர்மானம் ஊரின் குரல்.

பணம் கட்ட வேண்டி வந்தால் ஆபீசில் மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். "கையில் கொடுத்தால் சீக்கிரம் முடியும்" என்று எவன் சொன்னாலும் கொடுக்காதீர்கள். கையில் கொடுத்த பணத்துக்குக் கணக்கும் இல்லை, கம்பமும் நகராது. பல வீடுகளுக்குச் சேர்ந்து பலன் என்றால் செலவையும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஏழை வீட்டின் மேல் சுமத்தாதீர்கள்.

லைன்மேனோடு சண்டை வேண்டாம்

கம்பத்தை நடும் இடத்தை லைன்மேன் தீர்மானிப்பதில்லை. குழி தோண்டும் ஒப்பந்தத் தொழிலாளியும் தீர்மானிப்பதில்லை. தினக்கூலிக்கு வந்தவன் மேல் கோபத்தைக் காட்டிப் பயன் என்ன? அவன் நம்மைப் போன்ற தொழிலாளி. நாம் தரையில் நின்று பயப்படும் கம்பியில் அவன் ஏறி நின்று வேலை செய்கிறான். லைனை நிறுத்திவிட்டார்கள் என்று நம்பி ஏறி உயிர் விட்டவர்கள் உண்டு. அவனை அவசரப்படுத்தாதீர்கள். "கையுறை எங்கே, பெல்ட் எங்கே?" என்று அவனுக்காகவும் மேலதிகாரியிடம் கேளுங்கள்.

உயிர் முதலில்

மனுவுக்குப் பதில் வரும் வரை கம்பம் அங்கேதான் நிற்கும். அதுவரை ஜாக்கிரதை. மழையில் கம்பத்தைத் தொடாதீர்கள். தேங்காய் பறிக்கும் தொரட்டி, போர் குழாய், அலுமினிய ஏணி இவற்றைத் தூக்கிக்கொண்டு லைன் கீழே போகாதீர்கள். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியின் மேல் ஆள் உட்கார்ந்து வரக் கூடாது. கம்பி அறுந்து விழுந்தால் செத்த கம்பி என்று நினைக்காதீர்கள். எட்ட நில்லுங்கள், மற்றவர்களையும் நிறுத்துங்கள், ஆபீசுக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் காலைத் தரையிலிருந்து தூக்காமல், இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். ஒருவரைக் கரண்டு பிடித்தால் அவரைக் கையால் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

மண்ணுக்குள் போனால் என்ன?

"சென்னையில் பல இடங்களில் கேபிளை மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்களே, நமக்கு ஏன் கூடாது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. செலவு பல மடங்கு. பழுது வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று பதில் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் முடியாத காரியம் அல்ல. கரூர்ப் பக்கம் புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் உயர் அழுத்த மின்பாதையில், கேரளத்துக்குள் ஒரு பகுதி மண்ணுக்குள் கேபிளாகத்தான் போகிறது. கொங்கு மாவட்டங்களின் விவசாயிகள், தங்கள் நிலத்தில் கோபுரம் நட வந்தபோது இதைத்தான் எடுத்துக் காட்டிப் போராடினார்கள். இடம் நெருக்கமான தெருவில், பள்ளிக்கூட வாசலில், உறை போட்ட கேபிளையாவது கேட்பது நம் உரிமை.

அடுத்தவன் வாசல்

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். எடுத்த கம்பம் எங்கே போய் நிற்கும்?

கம்பம் ஆகாயத்தில் மறையாது. ஒரு வாசலை விட்டால் இன்னொரு வாசல். பணம் உள்ளவன் வாசலிலிருந்து நகர்ந்தால் பெரும்பாலும் பணம் இல்லாதவன் வாசலுக்கு வரும். அது அநியாயம் என்று நாம் சத்தம் போடுகிறோம், சரி. ஆனால் நம் தெருவிலேயே என்ன நடக்கிறது? நாலு அண்ணன் தம்பிகள் உள்ள வீட்டு வாசலில் நட வந்தால் எல்லோரும் எதிர்க்கிறார்கள். ஆள் துணையில்லாத விதவையின் குடிசை ஓரத்தில் நட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஊர்த் தெருவில் டிரான்ஸ்பார்மர் வேண்டாம் என்று கூட்டம் கூடுகிறது. அதைச் சேரி முகப்பில் கொண்டுபோய் வைத்தால் கூட்டம் கலைந்துவிடுகிறது. கூலிக்காகச் சேர்ந்து நிற்கிறவர்கள் கம்பத்துக்காகப் பிரிந்து நிற்பதா?

"என் வாசலில் வேண்டாம்" என்பது கோரிக்கை. "அவள் வாசலுக்குப் போகட்டும்" என்பது கோரிக்கை அல்ல. அது பலமுள்ளவன் பலமில்லாதவன் மேல் சுமையைத் தள்ளுவது. ஆலையிலும் வயலிலும் நாம் தினமும் எதிர்க்கும் அதே காரியம்!

ஆகவே, மனு எழுதும் முன் தெருவில் ஒரு நாள் கூடுங்கள். பெண்களையும் உட்கார வையுங்கள். குழாயடியும் வாசலும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இரண்டு வீட்டு மனைகள் சேரும் எல்லை எங்கே, எவர் வாசலையும் அடைக்காத இடம் எங்கே என்று நடந்து பாருங்கள். அந்த இடத்தில் ஒரு கல் வையுங்கள். "இங்கே நடுங்கள், எங்கள் தெரு முழுக்கச் சம்மதம்" என்று எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். இடம் காட்டாத மனுவைத் தள்ளிவிடுவது சுலபம். இடமும் காட்டி, சம்மதமும் காட்டிய மனுவைத் தள்ள அதிகாரி காரணம் தேட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யத் தொடங்குங்கள். உங்கள் தெருவில் எத்தனை கம்பம், எது சாய்ந்திருக்கிறது, எது யார் வாசலை அடைக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு நிரம்பினால் மகஜர் தயார். மகஜர் தயாரானால் சேர்ந்து போய்க் கொடுப்போம்.